பாதிக் குளிசை

காளியப்பன் எதையும் முழுசாகத் தின்ற மனிதர் இல்லை. ஒரு பணிஸ் கிடைத்தால் பாதி, ஒரு வடை கிடைத்தால் பாதி. மற்றப் பாதி சீனியம்மாவுக்கு. கொழும்பு ஜிந்துப்பிட்டிச் சந்தில் இதை வைத்தே புருஷன் பெண்டாட்டி இருவரையும் கேலி செய்வார்கள். ஆனால் இது கொஞ்சலில் வந்த பழக்கம் இல்லை, பட்டினியில் வந்தது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் கல்யாணம் செய்த வருஷம் சீனியம்மாவின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பெயர் இல்லாதவளுக்கு மாவும் கிடையாது, அரிசியும் கிடையாது. பெயர் இருந்தவன் வாங்கி வந்ததை இரண்டாகப் பங்கு போட்டார்கள். கங்காணிக்கும் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். யாரும் அதைக் குற்றம் என்று சொன்னதில்லை.

அறுபத்திரண்டாவது வயதில், புறக்கோட்டையில் வெங்காய மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். முதலாளி வாய்வு, காஸ் என்று சொல்லிச் சோடா உடைத்துக் கொடுத்தார். காஸுக்குச் சோடா கொடுத்தே இந்தக் கொழும்பில் எத்தனை பேரைப் பாடையில் ஏற்றியிருக்கிறார்களோ! ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இதயத்தின் பாதித் தசை செத்துவிட்டது. "அதுவும் பாதிதானா?" என்று சந்தில் ஒருத்தன் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில்தான் நிருஷா அவரைப் பிடித்தாள். வெள்ளவத்தையிலிருந்து வருகிற பிள்ளை, ஆராய்ச்சிப் பிரிவில் தாதி. பலவீனமான இதயத்துக்குத் தனித்தனியாக விழுங்க வேண்டிய மருந்துகளை ஒரே குளிசையில் அடக்கிக் கொடுத்தால் நோயாளி ஒழுங்காகக் குடிப்பானா, இதயம் தேறுமா என்று அங்கே டாக்டர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காளியப்பன் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற சீனியம்மாவும் கையை நீட்டினாள்.

"எனக்கும் பிரஷர் இருக்குங்க மிஸ். படி ஏறினா மூச்சு வாங்குது. என் பேரையும் எழுதிக்கங்க."

நிருஷா நல்லவள். சீனியம்மாவின் ரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்தாள். அடுத்த கிழமை முடிவைச் சொன்னாள்.

"அம்மா, உங்கட கிட்னி பழுதாப் போயிருக்கு. இந்தக் குளிசை உங்களுக்குக் கூடாது. உங்களை இதில சேர்க்கேலாது. கிட்னி கிளினிக்குக்குத் துண்டு தாறன், கட்டாயம் போங்கோ."

இதில் காளியப்பனின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்: சேர்க்கேலாது. நாற்பது வருஷத்துக்கு முன் தோட்டத்துக் கிளாக்கர் சொன்னதும் அதுதானே.

"எங்க போனாலும் இவ பேரை மட்டும் எழுத மாட்டானுங்க," என்று திரும்பும் வழியெல்லாம் கறுவினார். கிளினிக் துண்டு முருகன் படத்துக்குப் பின்னால் போனது. போனது போனதுதான்.

"ஐயா, இதை வேற ஒருத்தருக்கும் குடுக்கப்படாது. விளங்குதா?" என்று போத்தலைக் கொடுக்கும்போதெல்லாம் நிருஷா கேட்பாள்.

"விளங்குதுங்க மிஸ்."

அவருக்கு விளங்கியது வேறு. கொடுக்கலாம், சொல்லக் கூடாது.

சீனியம்மா வெற்றிலை போடுகிறவள். அவளுடைய பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினால் குளிசை சுத்தமாக இரண்டாகும். காலையில் பிளேன்டீயோடு ஆளுக்குப் பாதி. முதல் மாதம் அவளுடைய கால் வீக்கம் கொஞ்சம் வற்றியது. பார்த்தாயா, நல்ல மருந்தை நமக்குத் தராமல் வைத்திருந்தான்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே பெருமை.

கிளினிக்கில் நிருஷா போத்தலைக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு குளிசைகூட மிச்சமிருக்காது. "எல்லாரும் உங்களை மாதிரி ஒழுங்காக் குடிச்சா எவ்வளவு நல்லம் ஐயா," என்பாள். ஆனால் ஸ்கேனில் இதயம் தேறவில்லை. டாக்டர் தலையைச் சொறிந்தார். மூன்றாம் மாதம் மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினார்.

காளியப்பன் வீட்டுக்கு ஓட்டமாகவே வந்தார். "இந்தா புள்ள, இனி நம்ம பாதியே முழுசு!"

அந்தச் சந்தோஷத்துக்காக அவரை மன்னிக்கவே கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஐந்து கிழமைக்குள் சீனியம்மாவின் கால்கள் தளர்ந்தன. "என்னாங்க, காலு என் காலு மாதிரியே இல்லீங்க," என்றாள். உடம்புச் சூடு என்று நினைத்துத் தினமும் ஒரு தம்பிலி வெட்டி வாங்கி வந்தார். இந்த ஒன்றில் மட்டும் அவர் பங்கு கேட்கவில்லை. முழு இளநீரையும் அவளையே குடிக்க வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே சரிந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். அவசரப் பிரிவில் டாக்டர் ஒருவர் இதயத் துடிப்பு வரைந்த தாளைப் பார்த்ததும் முகம் மாறி, "என்ன மருந்து குடிச்சாங்க? சீக்கிரம் சொல்லுங்க!" என்று கத்தினார்.

சொன்னால் தன் பெயரையும் வெட்டிவிடுவார்கள். பிறகு இரண்டு பேருக்கும் குளிசை இல்லை. கண் மூடித் திறக்கும் நேரத்தில் காளியப்பன் இதைத்தான் யோசித்தார்.

"ஒண்ணுமே குடிக்கலீங்க. சத்தியமா."

அரை மணி நேரம் அவளுடைய நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு திரையை இழுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் முழுக் குளிசையும் அவருக்கே போன பிறகு ஸ்கேன் எடுத்தபோது நிருஷா துள்ளாத குறை. "ஐயா! கடைசியா மருந்து பிடிச்சிட்டுது. இதயம் எவ்வளவு தேறியிருக்குத் தெரியுமா? இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்குப் பயமில்லை."

காளியப்பன் தரையைப் பார்த்தார். "மிஸ், அன்னைக்கு எங்க வீட்டம்மாவுக்கு ஏன் குடுக்கல?"

"சொன்னனான்தானே ஐயா. இந்தக் குளிசை ரத்தத்தில பொட்டாசியம் எண்ட உப்பைக் கூட்டும். உங்கட கிட்னி அதை வெளியேத்திப் போடும். அவவின்ர கிட்னிக்கு ஏலாது. உப்பு ஏறினா இதயம் சட்டெண்டு நிண்டிடும். அந்த உப்பு நிறைஞ்ச தம்பிலியைக்கூட அவவுக்குக் குடுக்கப்படாது." அவள் போத்தலை நீட்டினாள். "அம்மா எப்பிடி இருக்கிறா? கிட்னி கிளினிக்குக்குப் போனவவா?"

"இருக்காங்க மிஸ்," என்றார் காளியப்பன்.

மறுநாள் காலை பிளேன்டீ ஊற்றினார். கை தானாகப் பாக்குவெட்டியை எடுத்துக் குளிசையை இரண்டாக வெட்டியது. ஒரு பாதியை விழுங்கினார். மற்றப் பாதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் விழுங்கினார்.