ஐம்பது மில்லியும் கொசுறும்

உசிலம்பட்டியில் பால் ஊற்றிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள் செல்லத்தாய். அப்பா பேயாண்டி மாடுகளைப் பார்த்துக்கொள்வார். அம்மா மாயக்காள் தெருத்தெருவாகப் போய்ப் பால் ஊற்றுவாள். அந்த வீட்டுப் பெண் மதுரைக்குப் போய் பி.எஸ்ஸி. படித்து, பி.எட்.டும் முடித்து வந்தபோது சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளந்தது. "படிச்சதெல்லாம் சரி ஆத்தா, இனி மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்று கேட்ட பெரியப்பா மட்டும் கடைசிவரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

படித்த கையோடு வேலை கிடைத்துவிடவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மாடு கறந்துகொண்டிருந்தவளுக்கு, 1977இல் திருமங்கலம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் தற்காலிக இடம் வந்தது. அங்கே அறிவியல் எடுத்த டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆகிவிட்டதால் அவர் திரும்பி வரப்போவதில்லை என்று டீச்சர்கள் அறையில் பேச்சு.

"இன்ஸ்பெக்ஷன் மட்டும் நல்லபடியா முடியட்டும். ஸ்கூல் செக்ரட்டரி உங்களையே நிரந்தரமாப் போட்டுடுவார்" என்றார் தலைமையாசிரியை ஸ்யாமளா. அதிகம் பேசாத மனுஷி அவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் செல்லத்தாய்க்கு அந்தப் பள்ளிக்கூடம் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. உடைந்த ஜன்னல்கூட அழகாகத் தெரிந்தது.

எட்டாம் வகுப்புக்கு அளவைகள் பாடம். லிட்டரை மில்லிலிட்டராக மாற்றச் சொன்னால், பெருக்குவதா வகுப்பதா என்று பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். இரண்டு லிட்டர் ஐம்பது மில்லியை இருநூற்றைம்பது என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். செல்லத்தாய் சூத்திரத்தை அழித்துவிட்டு ஒரு வாளியையும் ஒரு டம்ளரையும் மேசைமேல் வைத்தாள்.

"ஒரு வாளித் தண்ணிய இந்த வாளியால மொண்டா எத்தனை தடவ?"

"ஒரு தடவ டீச்சர்!"

"டம்ளரால மொண்டா?"

"நெறையத் தடவ டீச்சர்!"

"அம்புட்டுத்தான். அளக்குறது சின்னதானா எண்ணிக்கை பெருகும். பெருசானா எண்ணிக்கை குறையும். தண்ணி அதே தண்ணிதான்."

அதற்குப் பிறகு கரும்பலகைக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறவில்லை. சிக்கல் செய்முறையில் வந்தது. கண்ணாடி அளவு ஜாடியில் ஐம்பது மில்லி தண்ணீர் எடு என்றால் ஐம்பத்திரண்டு எடுத்தார்கள், ஐம்பத்து மூன்று எடுத்தார்கள். குனிந்து கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார், தண்ணீர் நடுவில் குழிந்து நிற்கிறதே, அதன் அடியைப் பார் என்று தொண்டை வற்றச் சொன்னாள். எல்லோரும் ஒழுங்காகக் குனிந்தார்கள், ஒழுங்காகப் பார்த்தார்கள், மறுபடியும் ஐம்பத்திரண்டு எடுத்தார்கள்.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு இதே யோசனை. கண் கோளாறு என்றால் ஒருத்திக்காவது நாற்பத்தெட்டு வர வேண்டுமே! ஏன் ஒருத்திகூடக் குறைத்து எடுக்கவில்லை? தவறு எல்லோருக்கும் ஒரே பக்கமாகச் சாய்கிறதென்றால், அதற்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

ஒருநாள் அவள் ஜாடியைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். ராக்கம்மாள் என்கிற பெண்ணின் முறை. வீட்டில் சில்லறைக்கு எண்ணெய் அளந்து விற்பவர்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் ராக்கம்மாளின் கை கச்சிதமாக நின்றது. ஒரு மூச்சு விட்டாள். பிறகு மணிக்கட்டு லேசாகச் சாய்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றியது.

"சரியாத்தான நின்ன? அப்புறம் எதுக்கு ஊத்துன?"

ராக்கம்மாள் விழித்தாள். "கொசுறு டீச்சர்."

"கொசுறா?"

"அளவோட நிறுத்துனா கஞ்சம்னு சொல்வாங்கள்ல டீச்சர்?"

வகுப்பில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பூக்காரியும் பால்காரியும் கடலைக்காரியும் பெற்ற பிள்ளைகள். அளந்து முடித்ததும் ஒரு கை கூடுதலாகப் போடாதவர்களை அவர்கள் பார்த்ததே இல்லை.

செல்லத்தாய்க்குக் கோபம்தான் வந்தது. "இது கடையில்ல, சயின்ஸு. இப்பப் பாருங்க" என்று ஜாடியை வாங்கித் தானே ஊற்றிக் காட்டினாள். முதல் வரிசையில் ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், அம்பத்திரண்டு."

இந்த முறை வகுப்பே சிரித்தது. செல்லத்தாய் தன் கையைப் பார்த்தாள். உழக்கில் பாலை அளந்து ஊற்றிய பிறகு மாயக்காளின் மணிக்கட்டு இப்படித்தான் சாயும். பட்டம் வாங்கியும் அது போகவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சிரித்துவிட்டாள்.

அந்தப் பழக்கத்தைத் திட்டித் திருத்த அவளுக்கு மனசு வரவில்லை. அது பிள்ளைகளின் தாய்மாரைத் திட்டுவதாகிவிடும். ஆனால் ஐம்பது என்றால் ஐம்பதாக இருக்கவும் வேண்டும். மறுநாள் மில்லிக் கோடு போட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அளவு வேற, கொசுறு வேற. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டா எம்புட்டுக் குடுத்தோம்னு குடுத்தவளுக்கும் தெரியாது, வாங்குனவளுக்கும் தெரியாது. மொதல்ல அளந்து, வாய்விட்டுச் சொல்லு. அப்புறம் ஆசைப்பட்டா இந்தக் குப்பியில அளந்து கொசுறு ஊத்து. அதையும் சொல்லு."

அன்றோடு தவறு நின்றது. கொசுறுக்குத் தனி இடம் கிடைத்ததும் கைகள் கோட்டில் நின்றன.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆய்வாளர் அனந்தலக்ஷ்மி மதுரையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். கண்டிப்பான அம்மாள். கரும்பலகையில் அவர் எழுதிய மாற்றுக் கணக்குகளைப் பிள்ளைகள் சுண்டல் கொறிப்பதுபோல முடித்தார்கள். ஸ்யாமளாவின் முகம் மலர்ந்தது. ஜன்னலோரம் நின்ற செக்ரட்டரியும் தலையாட்டினார்.

"செய்முறை பார்க்கலாம். நீ வாம்மா, ஐம்பது மில்லி எடு" என்று ஆய்வாளர் கைகாட்டியது ராக்கம்மாளை.

ராக்கம்மாள் ஊற்றினாள், குனிந்தாள், பார்த்தாள். "அம்பது மில்லிலிட்டர்" என்றாள். ஆய்வாளரும் குனிந்து பார்த்து, "கரெக்ட்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வந்திருப்பவர் விருந்தாளி. விருந்தாளிக்கு அளவோடு நிறுத்த அந்தப் பிள்ளைக்கு மனம் வருமா? குப்பியில் இரண்டு மில்லி அளந்து ஜாடியில் ஊற்றிவிட்டாள்.

"என்ன இது?" அவள் கொசுறைச் சொல்வதற்குள் ஆய்வாளரின் புருவம் ஏறியது.

"பயத்துல கை தவறிடுச்சு மேடம்" என்று ஸ்யாமளா முந்திக்கொண்டார். அவர் செல்லத்தாயைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆமாம் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை கையில். செல்லத்தாய்க்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் ராக்கம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகச் செய்ததைத் தப்பு என்கிறார்களே என்ற கலக்கம் அந்தக் கண்ணில் இருந்தது.

"கை தவறல மேடம்" என்றாள் செல்லத்தாய். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எதை?"

"அளவ அளவாச் சொல்லணும், கொசுறு ஊத்துனா அதத் தனியாச் சொல்லணும்னு. ராக்கு, இப்ப எம்புட்டு இருக்கு?"

"அம்பதும் ரெண்டும் டீச்சர். அம்பது அளவு, ரெண்டு கொசுறு."

அனந்தலக்ஷ்மி சிரிப்பை அடக்கியது போலத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பை அறிக்கையில் எழுத முடியாதே. மாற்றுக் கணக்குகள் நன்று என்றும், செய்முறையில் பாடத்திட்டத்தில் இல்லாததை ஆசிரியை புகுத்துகிறார் என்றும் எழுதினார். செக்ரட்டரிக்கு இரண்டாவது வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தார்கள். செல்லத்தாயின் ஆர்டர் அந்த மாதக் கடைசி வெள்ளியோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை உசிலம்பட்டி பஸ்ஸில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அரசு வேலை வருவதற்குள் இன்னும் சில வருடம் மாடு கறக்க வேண்டியிருக்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் அழுதிருப்பாள்.

திங்கட்கிழமை காலை, பிரேயர் மணி அடிக்கும் நேரத்துக்குச் செல்லத்தாய் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

ஸ்யாமளா பதறிப்போனார். "என்ன செல்லத்தாய், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா டீச்சர். அடர்த்திப் பாடம் பாதியில நிக்குது. கன சென்டிமீட்டர கன மீட்டரா மாத்துறது பிள்ளைகளுக்கு இன்னும் பிடிபடல. புது டீச்சர் புதன்கிழமைதான வாராங்க?"

"உங்க ஆர்டர் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சேம்மா. சம்பளம்கூடப் போட முடியாது."

"அது அளவு டீச்சர், அது முடிஞ்சிருச்சு. இது கொசுறு."

ஸ்யாமளா அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு முழு சாக்பீஸை எடுத்து அவள் கையில் வைத்தார். இழுப்பறையை மூடப்போனவர் நின்று, உள்ளே கிடந்த ஒரு சின்னத் துண்டையும் எடுத்து அதோடு சேர்த்து வைத்தார்.