ரோகிணி தின்னாத ஜாங்கிரி

கேளம்பாக்கம் அடுக்குமாடி, 'சி' பிளாக் ரோகிணி பிரபஞ்சத்தின் கணக்கையே தப்பாகப் போட்டுவிட்டாராம். அதனால்தான் ஆராய்ச்சி வேலை போயிற்றாம். விசாரிக்கப் போனால், வழியிலேயே ஷேர் ஆட்டோ காத்தவராயன் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ஒலகம் எப்ப பொறந்துச்சுன்னு தப்பா சொல்லிட்டாங்களாம் அண்ணாத்த, தூக்கிட்டானுங்க. ரேஷன் கார்டுல எம் பொண்டாட்டிய எனக்கு அம்மான்னு போட்டவன் இன்னும் சீட்லதான் குந்திகினு கீறான்!"

ரோகிணி கல்பாக்கத்துப் பிள்ளை. வயது முப்பத்தொன்பது. பிரபஞ்சம் இளசாக இருந்தபோது கிளம்பிய ஒளி இன்னும் வானமெங்கும் மெலிதாகப் பரவிக் கிடக்கிறது. அதில் முதல் கணத்தின் தடம் உண்டா என்று தேடுவது அவர் தொழில். எல்லாம் ஒப்பந்த வேலை. காலத்தின் தொடக்கம் தெரியும். மார்ச்சுக்குப் பிறகு சம்பளம் உண்டா என்பது தெரியாது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். ஆசைப்பட்ட விடையை நோக்கிக் கை தானாகக் கணக்கைத் தள்ளிவிடும் என்பதால், விடையைக் கணினியில் மூடியே வைத்திருப்பார்கள். முறை சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே மூடி திறக்கும். அப்புறம் ரகசியமாகக் கை வைக்கக் கூடாது.

திறந்தார்கள். ஆய்வுக் குழுத் தலைவர் ஹரிகிருஷ்ணன் இருபது வருடமாகச் சொல்லிவந்த தடம் அப்படியே இருந்தது. கொண்டாட ஜாங்கிரி வந்தது. ரோகிணி மட்டும் அதைத் தொடாமல் கணக்கைத் திரும்பப் பார்த்தார். குறுக்கே வரும் விண்வெளித் தூசியின் ஒளியைத் தலைவர் குறைவாகக் கழித்திருந்தார். சரியாகக் கழித்தால் தடமே இல்லை.

"சார், இது தூசி."

"மூடியைத் திறந்தாச்சும்மா. இனி கை வெச்சா நேர்மையில்லை."

"வெளிப்படையா சொல்லிட்டுத் திருத்தலாமே?"

"ஜாங்கிரி சாப்பிடும்மா."

நேர்மைக்குப் போட்ட பூட்டுக்குள் பொய் பத்திரமாகப் போய் உட்கார்ந்தது. ரோகிணி ஆய்வுக் கட்டுரையிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டார். கட்டுரை வந்தது, ஒப்பந்தம் முடிந்தது.

மறு வருடம் ஹரிகிருஷ்ணன், "எங்கள் பிழையை நாங்களே கண்டுபிடித்தோம்" என்று திருத்தம் வெளியிட்டார். அறிவியல் நேர்மைக்காகச் சால்வை போர்த்தினார்கள். யார் கண்டுபிடித்தது என்று அதில் இல்லை. குழுவில் இருந்தும் கட்டுரையில் பெயரில்லாதவர் ரோகிணி ஒருவரே. ஆகவே பிழை அவருடையதாகத்தான் இருக்கும் என்று ஊர் கூட்டிக் கழித்துக்கொண்டது.

வயது வரம்புக்குள் நிரந்தர வேலைக்கு ஒரே ஒரு நேர்காணல் மிச்சமிருந்தது. அங்கேயும் அதே கேள்வி: "உங்க பேரை ஏன் எடுத்தாங்க?"

"பிழையைச் சொன்னதே நான்தான்."

"எங்கே எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. இப்போது ரோகிணி திருப்போரூர்ப் பயிற்சி மையத்தில் நுழைவுத்தேர்வுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறார். "உராய்வை அலட்சியம் பண்ணலாமா மேடம்னு கேக்குறாங்க. எனக்கு அது வராதுன்னு சொன்னேன்" என்றார், சிரிக்காமல்.

ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டதில் குரலில் தேன் வடிந்தது. "ரோகிணியா? தங்கமான பொண்ணாச்சே! அவதான் கண்டுபிடிச்சான்னு ஒரு வரி சேர்க்கணும். நானே நினைச்சிட்டிருந்தேன். இந்த வாரமே சேர்த்துடறேன்."

மூன்று மாதமாகிறது. இணையத்திலுள்ள திருத்தத்தின் அடியில் நன்றிப் பகுதி மட்டும் வளர்ந்திருக்கிறது. கேண்டீன்காரருக்குக்கூட நன்றி உண்டு. அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.