தெற்கு பார்த்த விளக்கு

எதிர்வீட்டுப் பெரியவர் இறந்த தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேதிகளை நான் மறப்பதில்லை. ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் எங்கள் தின்கன்ஜூன் சந்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் இங்கே ஆண்டை விட்டுவிடுகிறேன். ஆடி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. பர்மியக் கணக்கில் வாஸோ மாதப் பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் முறைவைத்து வந்து போகும் இந்த ஆண்டுகளில் ஒன்று. அவ்வளவு போதும்.

பெரியவர் பர்மியர், மனைவியை இழந்தவர். ஒரே மகனுக்குக் கப்பலில் வேலை. மருமகள் எங்கள் தமிழ்ப் பெண், இன்சீனில் ரயில்வேக்காரர் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவள் செய்த ஒரு காரியம் சந்து முழுக்கத் தெரியும்.

பர்மியர் வீடுகளில் ஒரு தேங்காய்க்குச் சிவப்புத் துணி கட்டித் தூணில் தொங்கவிட்டிருப்பார்கள். அது வீட்டைக் காக்கும் ஆவிக்கு. அதை நாட் என்பார்கள். சாமி என்றால் விளக்கு என்று பழகிய பெண், தேங்காய்க்குக் கீழே ஓர் அகலை ஏற்றி வைத்துவிட்டாள். அந்த நாட் மனிதராக இருந்தபோது தீயில் வெந்து இறந்தவர், அவருக்கு நெருப்பைக் காட்டக் கூடாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மாமனார் கோபிக்கவில்லை. "தமீ, அவரு நெருப்பு பார்த்ததெல்லாம் போதும். பூ குடு, தண்ணி குடு" என்று சொல்லி விளக்கை ஊதி அணைத்தாராம். தமீ என்றால் பர்மிய மொழியில் மகள். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று இவள் பதிலுக்கு அவரைக் கண்டித்தாளாம். தேநீர்க் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் பெரியவர். அதற்குப் பிறகு அவளுடைய அகல் அடுக்களையை விட்டு வெளியே வந்ததில்லை.

பெரியவர் கீழறையில் படுப்பார், மருமகள் மாடியில். அன்று காலை தேநீர் கொண்டுபோனவள் போட்ட கூச்சலைக் கேட்டு நான் ஓடினேன். எனக்கு முன்பே பெரியவரின் தம்பி மகன் அங்கே நின்றிருந்தான். அதே வீட்டின் பின்கட்டில் இருந்துகொண்டு, மின்சாரம் இல்லாத நேரங்களில் சந்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் லைன் கொடுப்பவன் அவன். அறையின் தூணைக் கைகாட்டியதும் அவன்தான். தேங்காயின் அடியில் கரி படிந்திருந்தது. சிவப்புத் துணியின் ஓரம் பொசுங்கியிருந்தது. கீழே தரையில் மருமகளின் அகல்.

பெரியவரின் முகம் அடுப்பருகே வெகுநேரம் நின்றவரின் முகம்போலச் சிவந்திருந்தது. கூடியவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நாட் ஆவிக்கு நெருப்பைக் காட்டினாள், நாட் பழிவாங்கிவிட்டது என்றார்கள். பக்கத்து வீட்டில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் அம்மாள், தினமும் முதல் கிண்ணத்தை இந்தப் பெண்ணுக்கு ஊற்றிக் கொடுப்பவர், அவளைத் தொடப் பயந்து பின்வாங்கியதை நான் பார்த்தேன். உடலை எடுப்பதற்குள் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவள் இருந்தால் ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறிடும் சடங்குக்கு ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள் என்று முடிவாயிற்று. தம்பி மகன் அவளுடைய பையைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் சொன்னாள்.

"நான் ஏத்தல மாமா. இப்ப எழுந்து போயிட்டேன்னா, நான்தான் ஏத்தினேன்னு ஆயிடும்ல?"

அந்த நேரத்தில்தான் இலவச அடக்க உதவிச் சங்கத்தின் வண்டி வந்தது. அதை ஓட்டுபவர் ஓய்வுபெற்ற துப்பறியும் போலீஸ்காரர். தகப்பன் பர்மியர், தாய் தமிழச்சி. தமிழ் அவருக்குத் துருப்பிடித்துப் போயிருந்தது, ஆனால் விடமாட்டார். "போலீஸ்ல இருந்தப்ப என்னைப் பாத்து கள்ளன் மட்டும்தான் ஓடுவான் தம்பி. இப்ப எல்லாரும் ஓடுறாங்க" என்று வண்டியைத் தட்டிக்காட்டிச் சொல்வது அவர் வழக்கம். அன்று சொல்லவில்லை. பெரியவரின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நகங்களைப் பார்த்தார். மலைப்பக்கம் வேலை பார்த்த காலத்தில், குளிருக்குக் கதவை அடைத்துக் கரி மூட்டிப் படுத்தவர்களிடம் இந்தச் சிவப்பைக் கண்டிருப்பதாக என் காதோடு சொன்னார்.

எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அகலின் மூக்கு தெற்கே பார்த்திருந்தது. அதைச் சொன்னேன். அவர் குனிந்து அகலைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அடுக்களையிலிருந்து இன்னோர் அகலைக் கொண்டுவந்து தரையில் வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்காமல் வைத்தாள். மூக்கு கிழக்கே பார்த்தது.

"திருப்பி வையி. இந்தப் பக்கம்" என்று தெற்கே காட்டினார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அது செத்தவங்களுக்கு, ஊலே. வீட்டுல வைக்க மாட்டோம்."

ஊலே என்பது பெரியவர்களை அழைக்கும் பர்மியச் சொல். அவர் தலையாட்டினார். "எங்கம்மாவும் அடிக்க வருவா" என்று தமிழில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இது கோர்ட்டுல நிக்காது தம்பி. ஆனா வண்டி கெட்டுப்போறதுக்கு இது போதும்."

நேராக வெளியே போய் வண்டியின் முன்மூடியைத் திறந்தார். எஞ்சின் படுத்துவிட்டது, உடலை இப்போதைக்கு எடுக்க முடியாது என்று அறிவித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. சந்துக்காரர்கள் குடையோடு நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தள்ளிப் பார்க்கலாமா என்றார். "தள்ளினா பிணத்துக்கு முன்னால நீங்க விழுவீங்க" என்றார் இவர். இடையில் போலீஸ் நிலையத்தில் தெரிந்தவருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார். மறுபடி என்னை அழைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

காலையிலிருந்து உள்ளே வந்தவர்கள் அனைவரும் அண்ணாந்து தேங்காயைத்தான் பார்த்தார்கள். இவர் தரையில் மண்டியிட்டார். கட்டிலுக்குப் பின்னால், பலகைச் சுவர் தரையைத் தொடும் இடத்தில் ஓர் இடுக்கு. அதைச் சுற்றிக் கரி. விரலால் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். எண்ணெய் விளக்கின் வாசனை இல்லை, வண்டிப் புகையின் வாசனை. சுவருக்கு அப்பால்தான் தம்பி மகனின் ஜெனரேட்டர் கொட்டகை.

"நேத்து ராத்திரி கரண்ட் இருந்துச்சா?" என்று கேட்டார்.

இருந்தது. எங்கள் சந்துக்கு முறை நேரம் அது. நான் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். மழையோடு ஜெனரேட்டர் சத்தமும் கேட்டது. மின்சாரம் இருக்கும்போது இவன் யாருக்கு ஓட்டுகிறான் என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான்.

போலீஸார் வந்ததும் வண்டியின் எஞ்சின் தானாகக் குணமாகிவிட்டது. உடல் அடக்கத்துக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போயிற்று. இரத்தத்தில் புகை நஞ்சு இருந்ததாக முடிவு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் ஒரு ரப்பர் குழாய் கிடைத்தது. அதன் ஒரு முனை ஜெனரேட்டரின் புகைக்குழாயில் பொருந்தியது, இன்னொரு முனை சுவர் இடுக்கில். தம்பி மகன் அதிக நேரம் மறுக்கவில்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆள் பார்த்து வைத்திருந்தான்; பெரியவரோ, எனக்குப் பின் இது மகனுக்கும் மருமகளுக்கும் என்று சொல்லிவிட்டார். அவர் இறந்து, அவளும் பழியோடு ஓடிப்போனால், கப்பலில் இருக்கும் மகன் இந்த வீட்டுக்குத் திரும்ப விரும்பமாட்டான் என்பது அவன் கணக்கு. விளக்குக் கதையைத் தேநீர்க் கடையில் எல்லோரோடும் சேர்ந்து அவனும் கேட்டிருக்கிறான். ஆனால் அகலை எந்தத் திசை பார்த்து வைப்பார்கள் என்பது அந்தக் கதையில் வரவில்லை.

ஏழாம் நாள் சடங்கு நடந்தது. வந்தவர்கள் பாதிப்பேர்தான். நாட் சமாச்சாரம் அவ்வளவு சீக்கிரம் மனத்தை விட்டுப் போவதில்லை. மொஹிங்கா அம்மாள் வரவில்லை. கிண்ணமும் வரவில்லை. அந்தப் பெண் தினமும் வாசல் பெருக்கினாள், கரி படிந்த தேங்காயை எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டினாள், பூவும் தண்ணீரும் வைத்தாள். கணவன் கப்பலிலிருந்து வந்து சில வாரங்கள் இருந்துவிட்டுப் போனான். வீட்டை விற்கவில்லை.

மழை ஓய்ந்து தடின்ஜுட் பௌர்ணமி வந்தது. எங்கள் ஐப்பசி. அன்று மாலை பர்மியர் எல்லோரும் வாசலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவள் தன் படிகளில் அகல்களை வரிசையாக வைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் என் வாசலில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மொஹிங்கா அம்மாள் ஒரு கையில் மூடிய கிண்ணத்தோடு வந்து, வரிசையின் கடைசி விளக்கருகே நின்றார். கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, அந்த அகலை இரு கையாலும் பொத்தி எடுத்தார்.

"இதை எந்தப் பக்கம் பாத்து வைக்கணும், தமீ?"

அவள் கையிலிருந்த தீப்பெட்டியைப் படியில் வைத்தாள். பிறகு எழுந்து, அவரோடு அடுத்த வாசலுக்குப் போய், விளக்கைக் கிழக்கே திருப்பி வைத்துக்கொடுத்தாள்.