சேவல் பாட்டு

மஸ்கெலியா தாண்டி டயர் பஞ்சராகி பஸ் நிற்கிறது. மாற்றும் வரை ரோட்டோரம் நிற்கிறேன். பக்கத்துச் சரிவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடுகிறார்கள். ஊரையே எழுப்பும் ஒரு சேவல், வீட்டுக் கோழியைக் கண்டால் மட்டும் ஒடுங்கிவிடுகிறதாம். ஒவ்வோர் அடிக்கும் மலையே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாருக்கும் புரியாத பாட்டு என்ன பாட்டு என்பது என் கட்சி.

"சேவல்னா எங்க கங்காணிங்க," என்று அருகில் பறிப்பவர் கிசுகிசுக்கிறார். "அவருக்கு வெளங்காது. வெளங்குனா சும்மா விடுவாரா?"

இவர்களை வேலை வாங்கும் அந்தக் கங்காணி, சற்றுத் தள்ளி ரோட்டுமேட்டில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். டயர் மாட்டியாகிவிட்டது. பஸ்ஸுக்குத் திரும்பும்போது அவரிடம், "பாட்டு நல்லாருக்கு, இல்லீங்களா?" என்கிறேன்.

அவர் குரலைத் தாழ்த்துகிறார். "போன வாரப் பாட்டுல கோழி கத்த மட்டுந்தான் செஞ்சிச்சு. இந்த வாரம் வெளக்கமாத்தையும் தூக்கிருச்சுங்க. எங்க வீட்டுல நடந்தது இவங்களுக்கு எப்பிடித்தான் தெரியுதோ."

"அப்ப உங்களுக்கு வெளங்குதா?"

"வெளங்குதுன்னு தெரிஞ்சா பாட மாட்டாங்களே," என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்புகிறார்.