பீமுக்குக் கார்பன் ஃபைபர், கண்ணுக்குப் பூசணிக்காய்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. வாசலுக்கு மேலே இருக்கும் கான்கிரீட் பீமில் விரிசல். கட்டட ஓனர் போன வாரம் ஆள் வைத்து, பீமுக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியைப் பசை போட்டு ஒட்டினார்.

"இன்னாங்க, துணியா பில்டிங்க தாங்கப் போவுது?" என்று ஒட்டிய மேஸ்திரியிடம் கேட்டேன்.

"துணி இல்லைங்க, கார்பன் ஃபைபர். உள்ள இருக்கிற இழைதான் பீம இழுத்துப் புடிச்சிக்கினு நிக்கும். இழை அறுபடாத வரைக்கும் கம்பிய விட ஸ்ட்ராங்கு."

அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

இன்று காலை ஓனர் ஒரு திருஷ்டிப் பூசணிக்காயோடு வந்தார். கூடவே டிரில் மிஷினோடு ஓர் எலக்ட்ரீஷியன். அந்தக் கறுப்புத் துணியின் நட்டநடுவில் ஓட்டை போட்டு, கொக்கி இறக்கி, பூசணிக்காயைத் தொங்கவிட்டார்கள்.

"சார், இழையெல்லாம் அறுந்துடாதா?"

"இவ்ளோ செலவு பண்ணிக்கீறேன். கண்ணு பட்டா இன்னா பண்றது?"

மேஸ்திரிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஜெராக்ஸ் மிஷினைக் கடைக்கு உள்ளே தள்ளிப் போட்டுவிட்டேன்.

இனி பீமைத் தாங்கப்போவது துணியா, பூசணிக்காயா? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். நேரில் வந்து சொல்வதாக இருந்தால், தயவுசெய்து வாசலில் நிற்காதீர்கள்.