ஆள் நிறைக்க ஏறிய அத்தான்

அந்தக் காணொளியில் அத்தான் விழவில்லை. கயிற்றில் சாய்ந்து நிற்கிறார். நடுவர் இடையில் புகுந்து ஆட்டத்தை நிறுத்துகிறார். எதிரே ஆடிய, வித்துரா என்ற மலையூரிலிருந்து வந்த வித்துராக்காரர் இரண்டு கைகளையும் தூக்குகிறார். சாலை பஜாரில் கல்யாணங்களுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், புதிதாக வாங்கிய வீடியோ கேமராவைப் பழகிப் பார்ப்பதற்காக எடுத்தது அது. கேசட்டில் கிடந்ததை இப்போது யாரோ கைபேசிக்குக் கொண்டுவந்து, பின்னணியில் முரசொலியும் சேர்த்துவிட்டார்கள். என் அக்காவின் கணவர் திருவனந்தபுரத்தில் குத்துச்சண்டை ஆடிய காலத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே படம் அதுதான் என்று நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் குத்துச்சண்டை மன்றம் ஆண்டுவிழா மலர் கொண்டுவருகிறது. அதில் வித்துராக்காரருக்கு ஒரு முழுப் பக்கம், 'நகரம் கண்ட மிகச் சிறந்த ஹெவிவெயிட்' என்ற தலைப்பில். மலரைத் தொகுக்கும் இளைஞர் தம்பானூர் டீக்கடையில் என்னை உட்காரவைத்து அந்தக் காணொளியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இதுல தர்க்கிக்க ஒண்ணுமே இல்லல்லோ. ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்னாச்சு. ஒருத்தர் ஜெயிச்சாச்சு."

"எந்த வயசுல நின்னாங்கன்னு பாத்தியா டே?"

"வயசெல்லாம் வீடியோல தெரியாது. உங்க அத்தானோட பழைய ஃபைட் ஏதாவது இருந்தா வாட்ஸாப்புல அயச்சு தாங்க, நோக்கலாம்."

"உங்க தாத்தா கல்யாணத்துக்கும்தான் வீடியோ கிடையாது. அதனால அது நடக்கலேன்னு சொல்லிருவோமா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பக்கம் மாறவில்லை.

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பார்க்கத் தெரியாதவர்கள் வரலாறு எழுதக் கூடாது. அத்தானின் உச்சம் எண்பதுகளின் முதல் பாதி. பலகை அடித்த மேடையில் மற்ற கனத்த ஆட்கள் கால் மாற்றினால் முன்வரிசை வரை தடதடவென்று கேட்கும். அத்தான் நகர்ந்தால் கேட்காது. இடது கையால் எதிராளியின் நெற்றியை, தபால்காரர் கதவைத் தட்டுவதுபோல, அவசரமில்லாமல், விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார். எரிச்சலில் அந்த ஆள் தலையைத் தூக்கும் நொடிக்காக வலது கை காத்திருக்கும். ஒருமுறை பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர், அத்தானைவிட நல்ல உயரம், அந்த வலது கை பட்டதும் பின்னால் நாற்காலி இருப்பதாக நினைத்தவர்போல அப்படியே உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும் அத்தானைத் தேடிவந்து, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

வித்துராக்காரரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பலசாலி, பயமில்லாதவர், எவ்வளவு ஆடினாலும் மூச்சு வாங்காதவர். ஆனால் ஒவ்வொரு அடிக்கு முன்னும் தோள் தாழும். உச்சத்திலிருந்த அத்தானுக்கு அந்த ஒன்று போதும்.

காணொளியில் இருக்கும் அத்தான் ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர். நாற்பதை நெருங்கியவர். வலது தோள் தேய்ந்து, கை மார்புக்கு மேல் எழும்பாது. பிறகு ஏன் ஏறினார்? எங்கள் ஊர்ப் போட்டிகளில் ஹெவிவெயிட்டுக்கு ஆள் கிடைப்பது எப்போதுமே கஷ்டம். ஒருவர் மட்டும் பெயர் கொடுத்தால், ஆடாமலே அவர் வென்றதாக எழுதிவிடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது அந்தச் சான்றிதழ் எடுபடாது. அதனால் கடைசி நேரத்தில், மூட்டை தூக்குபவர் முதல் ஹோட்டல் மாஸ்டர் வரை, எடை காட்டும் யாரையாவது கூட்டிவந்து கிளவுஸ் மாட்டிவிடுவார்கள். 'ஆள் நிறைக்கிறது' என்று அதற்குப் பெயர். அந்த வருடம் யாரும் அகப்படவில்லை. வித்துராக்காரர் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்தவர். அவருடைய அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். வேலைக்கு நேர்முக அழைப்பு வந்திருந்தது. கையில் காட்ட ஒன்றும் இல்லாமல் மூலையில் நின்ற அவரை, என்னோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தான் பார்த்தார். எழுந்து என்னிடம் தன் சட்டையைக் கழற்றிவிடச் சொன்னார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் கொல்லுவா, அத்தான்."

"எடைக்குத்தான ஆளு கேக்காவ? எடை எங்கிட்ட நெறைய கெடக்குல்லா மாப்ளே."

மேடையில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இருந்ததை வைத்து உண்மையாகவே ஆடினார், உண்மையாகவே அடி வாங்கினார். வலது கை ஒருமுறைகூட எழவில்லை. அது ஏன் எழவில்லை என்று அந்தக் காணொளியைப் பார்த்த ஒருவரும் இன்றுவரை கேட்டதில்லை.

வேலை கிடைத்தது. போகப்போக வித்துராக்காரர் 'பழைய சாம்பியனை வீழ்த்தியவர்' ஆனார். நான் கோபத்தில் குதித்தேன். அத்தான்தான் அடக்கினார். "அவன் சர்வீஸ்ல இருக்க வரைக்கும் நீ வாயத் தொறக்கப்பிடாது. ஆள் நிறைச்ச ஆட்டம்னு எவனாவது கேஸ் போட்டான்னா அவன் சோறு போயிரும். ரிட்டயர் ஆனதும் அவனே சொல்லுவான், பாரு." அதைக் கேட்க அத்தான் இருக்கவில்லை.

சென்ற மாதம் வித்துராக்காரர் ஓய்வு பெற்றார். அக்காவுக்கு மலரும் பக்கமும் ஒரு பொருட்டில்லை. "அவனே சொல்லுவான்னு கடைசி வரைக்கும் நம்புனாரு. போய்க் கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னாள். போனேன். மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்.

"உள்ளதச் சொல்லலாம், அண்ணாச்சி. உங்க அத்தானோட பிரைம்ல எனக்கு ரெண்டாவது ரவுண்டு கிடையாது."

"இத அப்படியே மலர்க்காரங்க கிட்டச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் வாசலைப் பார்த்தார். "மருமகன் வீட்ல எல்லாரும் அந்த வீடியோ கண்டாச்சு. இனி எப்படி மாத்திச் சொல்றது? பின்னே, ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவந்தேன். வேலைக்கு ஆபத்து என்ற காரணம் இருந்தவரை அந்த மௌனத்தை நான் மதித்தேன். இப்போது மிச்சமிருப்பது வெறும் சௌகரியம். அத்தானுடைய உச்சம் அழிந்துகொண்டிருப்பது காணொளி இல்லாததால் அல்ல, நேரில் தெரிந்த ஒருவர் வாய் திறக்காததால்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கை தூக்க முடியாத மனுசன் மேடையேறுனாரு. இவனுக்கு நாக்கு தூக்க முடியலையாக்கும்" என்றாள்.

நானே எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது, நல்லா எழுது. பேரு மட்டும் போட்ராத. அவன் பென்சன்ல எவனாவது கைவச்சிருவான்."