முந்நூற்று எண்பது கிலோ

இந்தக் கதையை எடைமேடைக்காரரே சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். தான் விழுந்த இடங்களில் எல்லாம் நிறுத்தி, கேட்பவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து சொல்வார். ஒரே சிக்கல், அவர் வாயில் அவருடைய மோட்டார் சைக்கிளின் எடை ஆளுக்கு ஆள் பத்துக் கிலோ ஏறிக்கொண்டே போகும். முப்பது வருடம் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுத்த மனுஷனுக்கு இது அழகில்லை. அதனால் இங்கே சரியான எடையில் சொல்லிவிடலாம்.

அவருக்கு வேலை நகரத்துக்கு வெளியே இருக்கும் எடைமேடையில். மண், சிமெண்ட், இரும்பு என்று சுமந்து வரும் லாரிகள் ஒரு பக்கமாக ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் இருந்து அவர் திரையைப் பார்ப்பார், சீட்டை அச்சடிப்பார், சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓவர்லோடு!" என்பார். டிரைவர் கெஞ்சுவார். இவர் மசிய மாட்டார். லாரி மறுபக்கமாக இறங்கிப் போகும். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயரே ஓவர்லோடு.

அப்படிப்பட்டவர்தான் ஐம்பத்தாறாவது வயதில் போய் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய க்ரூஸர். முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி, பாட்டுக் கேட்க ஸ்பீக்கர். வீட்டு சோபாவைவிடப் பின்சீட்டு மெத்தென்று இருந்தது, சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டும் உண்டு. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இனி தானும் மனைவியுமாக ஊர் ஊராகப் போகலாம் என்பது அவர் கணக்கு. ஹெல்மெட் இரண்டு வாங்கினார்.

வாங்கிய மறுநாளே வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார். முந்நூற்று எண்பது. பிறகு தானும் ஏறி உட்கார்ந்து, கூட வேலை பார்ப்பவரை அச்சடிக்கச் சொன்னார். நானூற்று எழுபது. டாக்டரிடமே எண்பத்திரண்டு என்று சாதித்து வந்தவர் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஓவர்லோடு யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்வார்.

அந்த வண்டி ஓடும்போது ஒரு நாளும் விழுந்ததில்லை. எண்பதில் போகும்போது பூ மாதிரி போகும். நிற்கும்போதுதான் அதற்கு வினை. கொஞ்சம் சாய்ந்தால் காலை ஊன்றிப் பிடித்துவிடலாம். அதற்கு மேல் ஒரு விரற்கடை சாய்ந்தால் யார் பிடித்தாலும் நிற்காது, பொறுமையாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். ரிவர்ஸ் கியரும் கிடையாது. மூக்கை நுழைத்த இடத்திலிருந்து காலால் உந்தி உந்திப் பின்னுக்கு வர வேண்டும். இவர் கால்கள் அந்த அளவுக்கு நீளமும் இல்லை, உந்துகிற வயசும் இல்லை.

ஆகவே அவருடைய வாழ்க்கையே மாறிப்போனது. கடை வாசல் சரிவாக இருக்கிறது என்று இருபது வருடமாக முடி வெட்டிக்கொண்ட இடத்தை விட்டுவிட்டு, வெட்டத் தெரியாத ஒருவரிடம் போக ஆரம்பித்தார். அங்கே வாசல் சமதளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பைக் குழுவில் எல்லாரும் போய் வரிசையாக நிறுத்திய பிறகு, இவர் மட்டும் நூறு அடி தள்ளி, நேராக வெளியே போகத் தோதான இடத்தில் நிறுத்துவார். "தனியா நிறுத்தினாதான் கம்பீரமா இருக்கும்" என்று காரணம் சொல்வார். குழுத் தலைவரான பல் டாக்டர் அதை நம்பினார். ரிவர்ஸே தேவைப்படாத இடம் அவருக்கு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது அந்த எடைமேடை.

வீட்டுக் கொட்டகையில் மட்டும் வண்டியை ஐந்து முறை படுக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் மனைவிக்குத் தெரியக் கூடாது என்று தெருமுனைக்குப் போய் காஸ் சிலிண்டர் போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவரும் வந்து ஒரு கை கொடுத்துவிட்டு, "இதுக்கு ரெண்டு சிலிண்டரை மாடிக்குத் தூக்கிடலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மனைவி அரசு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். கட்டில் கட்டிலாக நோயாளிகளைப் புரட்டிப் போட்டு, தூக்கி உட்கார வைத்து, முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். அவர் அந்தப் பின்சீட்டில் ஏறியது ஒரே ஒரு தடவை. வண்டி வாங்கிய முதல் வாரம், பெட்ரோல் பங்க் வரைக்கும். அங்கே வளைத்துக்கொண்டு போய் நிறுத்தும்போது ஹேண்டில் திரும்பியிருக்க, இவர் முன் பிரேக்கைப் பிடித்துத் தொலைத்தார். வண்டி படுத்தது. சிஸ்டர் எப்படியோ ஓரமாக விழுந்து எழுந்துவிட்டார், முழங்கை மட்டும் தரையில் உரசியது. எடைமேடைக்காரர் எழுந்ததும் வண்டியைச் சுற்றி ஓடினார். "ஐயோ, டேங்க்! பெயின்ட் போச்சே!" என்றார். பங்க்கில் இருந்தவர்கள் வந்து தூக்கினார்கள். அவர் டேங்கைக் கைக்குட்டையால் துடைத்து முடித்துத் திரும்பியபோது சிஸ்டர் பஸ் ஏறிப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு, "எனக்கு இடுப்பு ஒத்துக்காது" என்றார் சிஸ்டர். நூறு கிலோ நோயாளியைத் தூக்குகிற இடுப்புக்குப் பின்சீட்டு ஒத்துக்கொள்ளவில்லையாம். பயந்துவிட்டாள் என்று இவர் முடிவு கட்டினார். பைக் குழுவில் கேட்டவர்களிடமும், "அவளுக்கு இடுப்பு வலி" என்றார். மற்றவர்கள் ஜோடி ஜோடியாக வந்து நிற்க, இவர் மட்டும் பின்னால் பெட்டியோடு போய் வந்தார். இரண்டாவது ஹெல்மெட் அலமாரி மேல் கிடந்தது. கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட யாரும் உரிக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வண்டியே கசந்தது. இரண்டு பேருக்கென்று வாங்கியதில் ஒற்றை ஆளாக எவ்வளவு தூரம்தான் போவது!

இரண்டு வருடம் போனது. சிஸ்டர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. கடைசி நாள் தானே போய் வண்டியில் அழைத்து வர வேண்டும் என்று இவருக்கு ஆசை. மூன்று மாதம் நச்சரித்தார்.

கடைசியில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சிஸ்டர் சொன்னார்: "சரி, வாங்க. ஆனா ஒண்ணு. நான் ஏறுறதுக்கு முன்னாடியோ, பின்னாடியோ, வண்டி அன்னிக்குக் கீழே விழுந்துச்சுன்னா வித்துடணும்."

"எழுதியே தர்றேன்!"

வீறாப்புதான். பையில் கிடந்த எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சிஸ்டர் அதை வாங்கிப் படித்துப் பார்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. வண்டி போனால் போகட்டும். அவள் இனி எதிலும் தன்னோடு ஏற மாட்டாள் என்பதுதான் அவரை உலுக்கியது.

ஒத்திகை தொடங்கியது. ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தே போய், தரையில் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து உருள்கிறதா என்று பார்த்தார். உருளவில்லை. போர்ட்டிகோவில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம், எடைமேடை மாதிரியே. அவருக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு அறுபது கிலோ மணல் மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு பத்து நாள் காலையில் சுற்றினார். மூட்டை ஒரு வார்த்தை பேசவில்லை, சொன்னபடி சாய்ந்தது.

சமையலறைச் சன்னலிலிருந்து சிஸ்டர் கேட்டார்: "மூட்டைக்கு ஹெல்மெட் போடலையா?"

அந்த நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு, முன்பக்க ஜிப் தொப்பைக்குக் கீழே நின்றுவிட்ட தோல் ஜாக்கெட்டோடு அவர் போர்ட்டிகோவில் நுழைந்தார். நர்ஸுகள், வார்டு ஆட்கள், செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் டிரைவர் என்று பெரிய கூட்டம். சிஸ்டர் சீருடையில், கையில் பூங்கொத்தோடு வந்தார். யாரோ விசில் அடித்தார்கள். இவர் இரண்டு காலையும் ஊன்றி, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, "ஏறு" என்றார்.

சரிவு, வளைவு, எடை எல்லாவற்றையும் கணக்குப் போட்டவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்கு விழா என்று போர்ட்டிகோவைச் சற்று முன்புதான் துடைத்திருந்தார்கள்.

சிஸ்டர் பூங்கொத்தைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, அவர் கொண்டுவந்த இரண்டாவது ஹெல்மெட்டை ஒரு கையில் பிடித்தபடி இடது பக்கத்திலிருந்து காலைத் தூக்கினார். தரையில் ஊன்றிய ஈரச் செருப்பு வழுக்கியது. அவர் பின்னால் சாய்ந்தார்.

எடைமேடைக்காரர் ஹேண்டிலை விட்டார். திரும்பி இரண்டு கையாலும் மனைவியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார். இவர் இடது பக்கம் திரும்பி இறங்கிய வேகத்தில் வண்டி வலது பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு விரற்கடையைத் தாண்டியது. பிறகு பொறுமையாகப் போய், அத்தனை பேர் முன்னாலும் படுத்துக்கொண்டது. பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து சிதறியது. தியாகம் என்றெல்லாம் இதற்குப் பெயர் வைக்க முடியாது. யோசிக்க அவருக்கு நேரமே இருக்கவில்லை, யோசித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே சந்தேகம்தான்.

"அடி பட்டுச்சா? காலை ஊனிப் பாரு. எங்கேயாவது வலிக்குதா?"

சிஸ்டர் அவர் முகத்தையே பார்த்தார். வண்டியின் பக்கம் இவர் இன்னும் திரும்பவில்லை.

"ஒண்ணும் ஆகலை" என்றார் பிறகு.

அதற்குள் ஆம்புலன்ஸ் டிரைவரும் செக்யூரிட்டியும் ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. சிஸ்டர் சட்டென்று வார்டுக் குரலுக்கு மாறினார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! கையைப் பிடிச்சு இழுத்தா பேஷன்ட் எழுந்திருப்பாரா? உங்க இடுப்புதான் போகும். என்னங்க, ஸ்டாண்டு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"எடுத்து விடுங்க. கியரைப் போடுங்க, உருளக் கூடாது. இப்போ வந்து என் பக்கத்துல, சீட்டுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. இன்னும் கீழே. ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை சீட்டுக்கு அடியில. முதுகை நிமிர்த்துங்க, காலால தள்ளணும். மூச்சை அடக்காதீங்க."

இருவரும் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்கள். சிஸ்டர் மூன்று எண்ணினார். சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நகர, முந்நூற்று எண்பது கிலோவும் முனகாமல் எழுந்து, மறுபக்கம் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தது. கூட்டம் கை தட்டியது.

சிஸ்டர் சீருடையை நீவிவிட்டுக்கொண்டு திரும்பினார். "தரையைத் துடைச்சா போர்டு வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நான் போன பிறகாவது வைங்க."

எடைமேடைக்காரர் குனிந்த தலையோடு நின்றார். "சீட்டு உன்கிட்ட இருக்குல்ல. நாளைக்கே ஆள் பாக்குறேன்" என்றார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். வீட்டுக்குப் போகணும், கால் வலிக்குது. ஏறுங்க."

சிஸ்டர் ஹெல்மெட் கண்ணாடியில் இருந்த பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். மணல் மூட்டையைப் போல இல்லை. வளைவில் இவர் சாயும் முன்பே சிஸ்டர் சாய்ந்தார்.

முதல் சிக்னலில் சிவப்பு. காலை ஊன்றி நின்றார்.

"கொட்டகையில அஞ்சு தடவை" என்றார் சிஸ்டர் பின்னாலிருந்து. "காஸ்காரர் ஒவ்வொரு தடவையும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போவார்."

அவர் சிவப்பு விளக்கையே பார்த்தார்.

"விழுறதுக்கெல்லாம் நான் என்னிக்கும் பயந்ததில்லை. இன்னிக்குக் கேட்டீங்களே, அடி பட்டுச்சான்னு. அதை அன்னிக்கு பெட்ரோல் பங்க்ல கேட்டிருந்தா இந்த ஹெல்மெட் இந்நேரம் பழசாகியிருக்கும்."

இரண்டு வருடமாக ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர், இடுப்பு வலி என்று ஊரெல்லாம் கதை சொன்னவர், ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லை. அன்றைக்கு உரசியது எந்தக் கை என்றுகூட அவருக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எந்த முழங்கை?" என்றார் மெதுவாக.

"இடது."

இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துப் பின்னால் நீட்டி, துழாவி, அந்த முழங்கையைத் தொட்டார். வண்டி உறுமி, குலுங்கி, அணைந்தது. கிளட்ச்சை விட்டுவிட்டார். பச்சை விழுந்தது. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள்.

"விழுந்துடப் போகுது, முன்னாடி பாருங்க" என்றார் சிஸ்டர். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வண்டி இன்னும் விற்கப்படவில்லை. சீட்டு சிஸ்டரின் கைப்பையில்தான் இருக்கிறது. அடுத்த தடவைக்கு ஆகும் என்று சொல்லியிருக்கிறார். எடைமேடைக்காரர் கதையை இப்போதும் சொல்கிறார். வண்டி நானூற்று முப்பது கிலோவைத் தாண்டிவிட்டது, கூட்டம் இருநூறு பேராகிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் தான் சொன்னதைச் சொல்லும் இடம் வரும்போது மட்டும் அவர் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை.